நம்ம மலை கூடைப்பந்து டீமோட பாயின்ட் கார்டு: தேறியிருக்கிறது எது, இன்னும் தேறாதது எது?

கோக்கர்ஸ்வாக்:
கொடைக்கானல் யூத் டீம் (16 வயசுக்கு உட்பட்டது) ஆடின பிராக்டிஸ் மேட்ச் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாயின்ட் கார்டு (பந்தை ஏத்திக்கிட்டுப் போய் ஆட்டத்தை நடத்துறவன்) தம்பியையும், அவன்கூட இன்னொரு கார்டா ஆடுற இடக்கைப் பையனையும் பத்தித் தனியா பேசத்தான் இந்த இழை. சின்னப் பசங்க, பேர் போட வேண்டாம்.

போன வருசம் தம்பி பந்தைத் தட்டும்போது தரையைத்தான் பார்ப்பான். நடுக்கோட்டைத் தாண்டினதும் ரெண்டு கையாலயும் பந்தை எடுத்துடுவான். அப்புறம்தான் யாருக்குக் கொடுக்கலாம்னு தேடுவான். இப்ப தலை நிமிர்ந்திருக்கு, டிரிபிளை (பந்தைத் தட்டுறதை) உயிரோட வச்சிருக்கான். மலைக்குக் கீழே போய் ஆடினா, முழு கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க நெருக்கி மறிக்கிறது) போடுற டீமுக்கு எதிரா இந்த ஜோடி தாங்குமா? பந்தைத் தம்பி ஒருத்தனே எதிராளி கூடைப் பக்கம் ஏத்தணுமா, ரெண்டு பேரும் மாறி மாறி ஏத்தணுமா?

பழைய பி.டி.:
தலை நிமிர்ந்ததைவிட பெரிய விஷயம், பையன் நிக்கக் கத்துக்கிட்டது. வேகம் எப்பவும் இருந்துச்சு. வேகமா போய் நிக்கத் தெரியாததாலதான் பந்து வீணாச்சு.

வீடியோவை மெதுவா ஓட்டி அவன் காலை மட்டும் பாருங்க. கடைசிக்கு முந்தின காலடி நீளமா, குதிகால் முதல்ல பட்டு இறங்குது. அதுலயே இடுப்பு தாழுது. கடைசிக் காலடி குட்டையா, பாதம் முழுசா தரையில. மார்பு முழங்காலுக்கு நேர் மேலே நிக்குது, முன்னால சாயலை. போன வருசம் ரெண்டு காலடியையும் ஒரே நீளத்துல, நிமிர்ந்தபடி வச்சான். மூணாவது காலடி தானா விழுந்துச்சு, ரெஃப்ரி ட்ராவல் (பந்தைத் தட்டாம கூடுதல் அடி வச்ச தப்பு) ஊதினார்.

விதியிலயும் ஒரு குழப்பம் இருக்கு. 2017 அக்டோபர்ல இருந்து ஃபிபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) விதிப்படி, ஓடிக்கிட்டே பந்தை எடுக்கிறவனுக்கு, எடுக்கிற நேரத்துல தரையில இருக்கிற கால் கணக்கில் வராது. அதுக்கப்புறம் ரெண்டு காலடி. நின்ன இடத்துல இருந்து கிளம்புறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. பிவட் கால் (ஊணி நிக்கிற கால்) எழும்புறதுக்கு முன்னாடி பந்து கையை விட்டுப் போயிருக்கணும். பசங்க ரெண்டையும் ஒண்ணா நினைச்சுக்கிறாங்க. தம்பி வலது பக்கம் கிளம்பும்போது இடது கால் இப்பவும் ஒரு நூல் முந்தி எழும்புது. உள்ளூர் ரெஃப்ரி விடுவார், வெளியூர் ரெஃப்ரி விட மாட்டார்.

பனி ஈரம் காயாத சிமென்ட்டுல இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். வழுக்கும்னு தெரிஞ்சா உடம்பு தானா குட்டைக் காலடியா வைக்கும். அந்தப் பழக்கம் காஞ்ச தரையிலயும் ஒட்டிக்கும்.

ஸ்கோர்ஷீட்:
அண்ணே, நின்னதெல்லாம் சரி. நின்னு பாஸ் கொடுத்த பிறகு? அதே வீடியோவுல பந்து அவன் கையில இல்லாத நேரத்தை மட்டும் பாருங்க. கொடுத்த இடத்துலயே நிக்கிறான், கை ரெண்டும் இடுப்புல. அவனைக் காக்கிறவனுக்கு வேலை இல்லை. நேரா போய் இடக்கையன் மேல ரெண்டாவது ஆளா விழறான். இடக்கையன் இழந்த பந்தையெல்லாம் இடக்கையன் கணக்குல எழுதி வச்சிருக்கீங்க. அதுல பாதி தம்பி கணக்கு.

கொடுத்ததும் அவன் கண்ணு தன்னைக் காக்கிறவன் தலை மேல போகணும். தலை பந்துப் பக்கம் திரும்பிச்சா, அவன் முதுகுப் பக்கமா கூடைக்கு வெட்டு (சட்டுனு ஓடு). திரும்பலையா, எதிர்ப்பக்கம் போய் ஒருத்தனுக்கு ஸ்கிரீன் வை (அவனைக் காக்கிறவன் வழியில அசையாம நின்னு மறி). ரெண்டுக்கும் வழி இல்லைன்னா பின்னால விலகி, திரும்ப வாங்குற கோணத்துல நில்லு. அப்படி விலகும்போது ரெண்டு கார்டுக்கும் நடுவுல 4, 5 மீட்டர் இருக்கணும். 3 மீட்டருக்குள்ள நின்னா ஒரே ஆள் ரெண்டு பேரையும் பார்த்துக்குவான். 6 தாண்டினா பாஸ் காத்துல மிதக்கும், குறுக்கே புகுந்து பறிச்சுட்டுப் போயிடுவாங்க.

டர்ன்ஓவரை (பந்தை இழந்ததை) ரெண்டு பத்தியா பிரிச்சு எழுதுங்க. ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கும்போது பறிபோன பந்து ஒரு பத்தி; ட்ராவல், கோட்டுக்கு வெளியே போனது, எதிராளி கூடைக்குப் பக்கத்துல 3 வினாடிக்கு மேல நின்னது மாதிரி விசில் ஊதினது இன்னொரு பத்தி. முதல் வகை நேரா எதிராளி லே-அப்புல (கூடைக்குக் கிட்ட போய்ப் போடுற ஷாட்) போய் முடியும். ரெண்டாவது வகையில நம்ம அஞ்சு பேரும் பின்னால வந்து நிக்க நேரம் கிடைக்கும். ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா போட்டா தம்பி தேறினானான்னே தெரியாது.

கோக்கர்ஸ்வாக்:
இதை நான் பார்க்கவே இல்லை. அப்ப பிரஸ்ஸுக்கு?

பேரிஜம்:
பிரஸ்ஸுக்கு வருவோம். கீழே பெரும்பாலும் 1-2-1-1 தான் போடுவார்கள். ஒருவன் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து போடுபவன் முன்னால் கை தூக்கி நிற்பான், இருவர் பக்கவாட்டில், ஒருவன் நடுவில், ஒருவன் கடைசியில். முதல் பாஸை மூலைக்குள் வாங்க வைத்து, அங்கே இருவர் சேர்ந்து அடைப்பதுதான் அவர்கள் திட்டம். மூலையில் வாங்கினால் எண்ட்லைனும் (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) சைட்லைனும் எதிராளிக்கு ஓசியில் கிடைத்த ரெண்டு டிஃபெண்டர்.

கூடை விழுந்ததும் பந்தை எடுப்பவன் கார்டாக இருக்கக் கூடாது. பாஸ் கொடுக்கத் தெரிந்த உயரமான பையன் எடுக்கட்டும். போர்டுக்கு நேர் பின்னால் நின்று போட வேண்டாம், மேலே போகும் பாஸுக்குப் போர்டே குறுக்கே வரும். ஒரு மீட்டராவது தள்ளி நிற்கட்டும். கூடை விழுந்த பிறகு எண்ட்லைன் நெடுக ஓடலாம், ஆனால் 5 வினாடிதான்.

இரண்டு கார்டும் ஃப்ரீ த்ரோ கோட்டில் (கூடைக்கு எதிரே, ஃபவுலுக்கான ஷாட் போடும் கோடு) ஒருவர் பின் ஒருவராக நிற்கட்டும். முன்னால் நிற்பவன் ஒரு பக்கம் வெட்டியதும் பின்னால் நிற்பவன் மறுபக்கம். வாங்கும் இடம் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியை ஒட்டி. அதற்குக் கீழே இறங்கி வாங்கினால் மூலைதான். ரெண்டு காலிலும் நின்று வாங்கி, நடுப்பக்கமாகத் திரும்பி, கூடையைப் பார்த்து நிற்க வேண்டும். உடனே தட்ட வேண்டாம். பெரும்பாலான பையன்கள் தோற்பது இந்த இடத்தில்தான்: வாங்கியதும் பயத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு மீட்டருக்குள் ஆள் வந்து அடைத்தால் 5 வினாடி எண்ணிக்கை, வேறு வழியே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது நடுவட்டத்தை ஒட்டி நிற்கும் நம் ஆளை. அவன் மூடப்பட்டிருந்தால், பந்து போட்டவன் கோட்டுக்குள் வந்து பின்னால் நிற்பான், அவன் வழியாக மறுபக்கக் கார்டுக்கு. சைட்லைன் நெடுகப் போகும் பாஸ் கடைசி வழி. நடுக்கோட்டைத் தாண்டிய உடனே உள்ள மூலையிலும் பந்தோடு நிற்காதீர்கள். அங்கே நடுக்கோடும் எதிரி, பின்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

நடுக்கோட்டைத் தாண்டக் கிடைக்கும் 8 வினாடிக் கணக்கு பற்றி ஒன்று. டிரிபிள் செய்துகொண்டு தாண்டும்போது ரெண்டு காலும் பந்தும் முன்பாதியில் (எதிராளி கூடை உள்ள பாதி) பட்டால்தான் தாண்டியதாகக் கணக்கு. எதிராளி தட்டிப் பந்து வெளியே போனால் 8 வினாடி புதிதாக ஆரம்பிக்காது, மிச்சம் இருப்பதுதான். ஷாட் போடக் கிடைக்கும் 24 வினாடியை எண்ணும் கடிகாரம் உள்ள கோர்ட்டில் அது 16-ஐத் தொடுவதற்குள் தாண்டியிருக்க வேண்டும். நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் பின்பாதியில் பந்து நம்முடையதாக இருக்கும்போது டைம்அவுட் எடுத்தால், பந்தை முன்பாதியிலிருந்து போடக் கேட்கலாம். பிரஸ்ஸே வராது. இதை மறந்து டைம்அவுட்டை முன்னாலேயே தீர்த்துவிடும் கோச்சுகள் நிறைய.

யார் ஏற்றுவது என்ற கேள்விக்கு: முதல் பாஸ் இடக்கையனுக்கு. தம்பி வெட்டி, ஓடிக்கொண்டே இரண்டாவது பாஸை வாங்கட்டும். நின்று வாங்கும் தம்பியை இருவர் அடைக்கலாம். ஓடிவந்து வாங்குபவனை அடைக்க இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வர வேண்டும், அது லேசில்லை.

ஸ்கோர்ஷீட்:
இதைத்தான் நானும் சொன்னேன். கொடுத்துட்டு ஓடுறவனா மாறணும்.

ஒரு எச்சரிக்கை. இடக்கையன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம்னு நிறுத்துனா ரெண்டு பேருக்கும் வெளிக்கை வசமான கை. உடம்பு நடுவுல இருக்கும், பந்து பத்திரம். அதனாலயே ரெண்டு பேரும் கோட்டை ஒட்டியே ஓடுவாங்க. எதிராளிக்கும் அதுதான் வேணும். பிராக்டிஸ்ல பக்கத்தை மாத்தி நிறுத்துங்க. மேட்ச்ல பழைய பக்கம்.

வத்தலக்குண்டு ரோடு:
எல்லாரும் ஆளைப் பத்திப் பேசுறீங்க, பந்தைப் பத்தி யாரும் பேசலை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் அடிவாரத்தைவிட கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) குறைவு. கேஜ் (காத்தழுத்தம் அளக்கிற கருவி) காட்டுறது பந்துக்குள்ள இருக்கிற அழுத்தத்துக்கும் வெளியே இருக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான்.

பெரியகுளத்துல நல்ல வெயில்ல 8 பி.எஸ்.ஐ. அடிச்ச பந்தை மலைக்கு ஏத்தினா, குளிர்ல உள்ளே இருக்கிற காத்து சுருங்கின பிறகும் கேஜ் 9.5 பக்கம் காட்டும். மலையில 8 அடிச்ச பந்தைக் கீழே கொண்டு போனா, வெயில்ல விரிஞ்ச பிறகும் 6-க்குக் கொஞ்சம் மேல. பந்துல அச்சடிச்சிருக்கிறது பெரும்பாலும் 7 முதல் 9 வரை.

பசங்க ஆடுறது கீழே கடையில அடிச்சு வாங்கிட்டு வந்த பந்து. கல்லு மாதிரி இருக்கும். லேசா விட்டாலே கைக்கு ஏறி வரும், தள்ளவே வேண்டாம். கீழே மேட்ச்ல சரியான அழுத்தத்துல உள்ள பந்தைக் கொடுத்தா முதல் அஞ்சு நிமிஷம் பந்து இடுப்புக்கே வராது. பையன் குனிவான், குனிஞ்சா கண்ணு தரைக்குப் போகும். போன வருசம் தலை குனிஞ்சதுல பந்துக்கும் பங்கு இருந்திருக்கும்.

கேஜ் வாங்குங்க. மலையிலயே 7.5 முதல் 8 வரை வச்சு ஆடுங்க. கேஜ் இல்லைன்னா, பந்தோட அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்துல இருக்கிற மாதிரி பிடிச்சு விடுங்க, மேல்பகுதி 1.2-க்கும் 1.4-க்கும் நடுவுல எழும்பினா சரி. ராத்திரி வெளி ஷெட்ல போட்ட பந்தைக் காலையில அப்படியே அளக்காதீங்க, குளிர்ந்த ரப்பர் சோம்பலா எழும்பும். அதைப் பார்த்துட்டு இன்னும் காத்தடிச்சா பத்து மணிக்கு மறுபடியும் கல்லு. ஊசியை ஈரம் பண்ணாம சொருகினா வால்வு கிழிஞ்சு மெல்ல மெல்ல காத்து போகும்.

தூண்பாறை:
அப்ப மலையில விழற த்ரீ பாயின்ட் (தூரத்துல இருந்து போடுற 3 புள்ளி ஷாட்) கீழே குறைவா விழறதும் காத்துனாலதானா? மலையில காத்து லேசு, பந்து தூரம் போகும்னு சொல்றாங்களே.

வத்தலக்குண்டு ரோடு:
காத்து லேசுதான், ஆனா அது ஷாட்டை மாத்துறது சொற்பம். கீழே ஷாட் ரிங்குக்கு முன்னாலயே விழுதுன்னா காலைப் பாருங்க. மூணாவது குவார்ட்டர்ல வெக்கையில முழங்கால் மடங்கலை, கையால மட்டும் தள்ளுறான். முதல் குவார்ட்டர் ஷாட்டும் நாலாவது குவார்ட்டர் ஷாட்டும் ஒரே மாதிரி குறையுதான்னு பாருங்க, தெரிஞ்சுடும்.

தூண்பாறை:
சரி. ஆனா ஷாட்டை நீங்க யாருமே தொடலை, அதுதான் எனக்கு வருத்தம். கட் பண்ணு, விலகு எல்லாம் நல்லது. தம்பியைக் காக்கிற ஆளு ஸ்கிரீனுக்குக் கீழ்ப்பக்கமா (கூடைப் பக்கமா) போறான், ஒவ்வொரு தடவையும். ஏன்? த்ரீ பாயின்ட் கோடான 6.75 மீட்டர்ல இவன் போட மாட்டான்னு தெரியும். போடாத கார்டு எவ்வளவு ஓடினாலும் எதிராளி பெயின்ட்டுக்குள்ளயே (கூடைக்கு முன்னால உள்ள கட்டம்) உக்காந்திருப்பான்.

டைரீஸ் மேக்ஸியை எடுத்துக்குங்க. அமெரிக்க என்.பி.ஏ. லீக்ல, 2020 டிராஃப்ட்ல (புது ஆளுங்களை டீம்கள் வரிசையா எடுக்கிறது) 21-வதா பிலடெல்பியா டீம் எடுத்த கார்டு. முதல் சீசன்ல த்ரீ 30.1 சதவீதம். அடுத்த சீசன்லயே 42.7. வேகம் ரெண்டு வருசமும் அதே வேகம்தான். ஷாட் வந்ததும் ஆளுங்க ஏறி நிக்க வேண்டி வந்துச்சு, அதே வேகத்துக்கு வழி திறந்துச்சு. 2023-24-ல மோஸ்ட் இம்ப்ரூவ்ட் பிளேயர் (அதிகம் முன்னேறினவன்) விருது.

ஸ்கோர்ஷீட்:
தூண்பாறை, அதே 2023-24-ல மேக்ஸி ஆட்டத்துக்கு 25.9 புள்ளி, 6.2 அசிஸ்ட் (கூடையில முடிஞ்ச பாஸ்). டர்ன்ஓவர் 1.7 தான். அதையும் சேர்த்துச் சொல்லணும். அவ்வளவு நேரம் பந்தைக் கையில வச்சிருக்கிறவனுக்கு 1.7 ரொம்பக் கம்மி. ஷாட் மட்டும் வந்து பந்தை இழந்துக்கிட்டே இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

பழைய பி.டி.:
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. இந்த வயசுப் பையனை இன்னைக்கே 6.75-ல நூறு ஷாட் போடச் சொன்னா தோள்ல இருந்து எறியப் பழகிடுவான். 4 மீட்டர்ல ஆரம்பிங்க. பந்து கையை விட்டப்புறம் முழங்கை கண்ணுக்கு மேல நிக்குதா, இறங்கும்போது கிளம்பின இடத்துலயே இறங்குறானா, இந்த ரெண்டும் பத்துல ஏழு தடவை சரியா வந்தா அரை மீட்டர் பின்னால போகலாம். அதுவரைக்கும் ஆளு ஸ்கிரீனுக்குக் கீழே போனா, ஸ்கிரீன் வச்சவன் திரும்பி மறுபக்கமா அதே ஆளுக்கு இன்னொரு தடவை வைக்கட்டும். ரெண்டாவது ஸ்கிரீன் ஒரு மீட்டர் கீழே இறங்கியிருக்கும். அங்க இருந்து அவனால போட முடியும்.

ஸ்கிரீன்ல தம்பி பண்ற இன்னொரு தப்பு. ஸ்கிரீன் வைக்கிறவன் கால் ஊணி நிக்கிறதுக்கு முன்னாடியே கிளம்பிடுறான். பெரிய பையன் அவசரத்துல நகர்ந்துக்கிட்டே இடிக்கிறான், ஃபவுல் அவன் மேல விழுது. எழுதுறது பெரியவன் கணக்குல, காரணம் கார்டு. ஒரு மூச்சு காத்திருந்து, தோள் அவன் இடுப்பை உரசுற மாதிரி போகணும். நடுவுல ஒரு ஆள் நுழையற இடம் விட்டா அது ஸ்கிரீனே இல்லை.

உள்ளே போனா, பெரிய டிஃபெண்டர் பின்வாங்கி நிக்கிறானா முன்னால ஏறி வரானான்னு பார்க்கணும். பின்வாங்கினா கூடையில இருந்து 3 மீட்டர் பக்கத்துல நின்னு ஃப்ளோட்டர் (டிஃபெண்டர் கைக்கு மேலே மிதக்க விடுற ஷாட்). கூடைக்குக் கீழே உள்ள நோ-சார்ஜ் அரைவட்டம் 1.25 மீட்டர்தான், அதுக்கு வெளியே அசையாம நிக்கிறவன் மேல மோதினா சார்ஜ் (மோதினவன் மேல ஃபவுல்). தம்பிக்கு நிறுத்த வந்துடுச்சு, அதனால ஃப்ளோட்டர் சீக்கிரம் வரும். ஏறி வந்தா அவனுக்குப் பின்னால ஸ்கிரீன் வச்சவன் காலியா உருளுவான் (திரும்பிக் கூடைப் பக்கம் ஓடுவான்); தட்டிக்கிட்டிருக்கிற கையாலயே தரையில அடிச்சுக் கொடுக்கணும். ரெண்டு கையால எடுத்துக் கொடுக்கிற நேரத்துக்குள்ள கதவு மூடிடும்.

பெருமாள்மலை:
டிஃபென்ஸ்ல ரெண்டு பேரும் குட்டைன்னு கவலைப்படுறவங்களுக்கு: உயரத்தைவிட ஃபவுல்தான் பிரச்னை. ரெண்டு பேருமே எதிராளியோட பின்பாதியில போய் கை நீட்டுறாங்க. கூடையில இருந்து 20 மீட்டர் தள்ளி வாங்குற ஃபவுல்ல நமக்கு என்ன லாபம்? ஒரு குவார்ட்டர்ல 4 டீம் ஃபவுல் ஆச்சுன்னா, அஞ்சாவதுல இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ. கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு காலால மட்டும் மறிக்கிற பயிற்சி கொடுங்க, தினம் 5 நிமிஷம் போதும்.

வெக்கைக்கும் ஒண்ணு. உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அத்தனை நாள் முன்னாடி இறங்க முடியாது. இறங்கின முதல் ரெண்டு நாள் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம். ஆட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போடுங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வேர்வை; அதைவிடக் கால்பங்கு கூடுதலா, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தட்டையா வழிச்சது. உப்பைக் கண்ணளவுல போடாதீங்க.

கோக்கர்ஸ்வாக்:
அண்ணே, நம்ம கோர்ட்ல தண்ணி வடியறதுக்காக ஒரு பக்கம் சரிவு இருக்கு. அதனால ஏதும்?

பழைய பி.டி.:
நூத்துக்கு ஒண்ணு சரிவுன்னாகூட 15 மீட்டர் அகலத்துல 15 செ.மீ. வரும். பசங்க எப்பவும் ஒரே கூடையில ஆடினா ஒரு கை எப்பவும் பள்ளத்துப் பக்கம். பாதி நேரத்துல கூடையை மாத்துங்க, அவ்வளவுதான்.

பேரிஜம்:
பயிற்சிக்கு ஒரு வரைவு. அரை கோர்ட்டில் 2-க்கு 2, இந்த இரண்டு கார்டும் ஒரே அணி. ஒருவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு தட்டுதான் அனுமதி. பாஸ் கொடுத்தவன் ரெண்டு வினாடி ஒரே இடத்தில் நின்றால் பந்து எதிரணிக்கு. 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, ஐந்து சுற்று. பிறகு முழு கோர்ட்டில் பிரஸ் உடைப்பது, 5-க்கு 6. ஆறாவது ஆள் அவர்களுக்குக் கூடுதல். மேட்ச்சில் ஐவர் வந்தால் இடம் அகலமாகத் தெரியும். மழை நாளில் சுவர் போதும்: 3 மீட்டர் தள்ளி நின்று, தட்டும் கையாலேயே சுவரில் அடித்து அதே கையில் வாங்குவது, ஒவ்வொரு கைக்கும் 50.

முட்டிச் சிப்பிக்குக் கீழே எலும்பு முனையில் வலி என்று யாராவது சொன்னால் குதிக்கிற பயிற்சியை உடனே நிறுத்துங்கள். வளரும் வயதில், அதுவும் சிமென்ட்டில் ஆடுபவர்களுக்கு வருவது. நடக்க முடிகிறதே என்று ஆட விட்டால் மாசக்கணக்கில் இழுக்கும்.

ஸ்கோர்ஷீட்:
மே மாசம் பெரியகுளத்துல அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் கேலரியில உக்கார வைங்க. பந்தைப் பார்க்கக் கூடாது, ஒரு கார்டை மட்டும் பாருன்னு சொல்லுங்க, ஒரு குவார்ட்டர் முழுக்க. பாஸ் கொடுத்ததும் எத்தனை தடவை நின்னான், எத்தனை தடவை வெட்டினான்னு தம்பி கையாலயே கோடு போட்டு எண்ணட்டும்.

தூண்பாறை:
எண்ணட்டும். ஆனா எத்தனை தடவை ஆளு ஸ்கிரீனுக்குக் கீழே போனான்னும் பக்கத்துல ஒரு கோடு போடச் சொல்லுங்க. நான் விட மாட்டேன்.

கோக்கர்ஸ்வாக்:
ரெண்டு கோடும் போடச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு மேலதான் தரை காயும், அப்ப ஆரம்பிப்போம். முதல் வேலை இருக்கிற ஏழு பந்தையும் அளக்கிறது. வத்தலக்குண்டு ரோடு அண்ணே, கேஜை மறந்துடாதீங்க, ரெண்டு ஊசியும் சேர்த்து.